படையல் சேலையில் பெட்ரோல் வாடை

மடியில் கிடக்கிற சேலை பெட்ரோல் வாடை அடிக்கிறது. இன்று காலை உன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட அதே கத்திரிப்பூ நிறச் சேலைதான். ஒரு முனை கறுத்துக் கசங்கிவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். காரைக்குடி ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே நம் மகள் செல்வி. மாப்பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார். பேச ஆளில்லை. அவளுடைய ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் உனக்கு எழுதுகிறேன்.

தப்பு என்னுடையது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நீ இறந்த துக்க வருஷம் என்பதால் நம் வீட்டில் ஆயுத பூசை இல்லை. உன் கார் பொட்டு இல்லாமல் நின்றது என் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. அதற்கும் சேர்த்து இந்த வருஷம் செய்கிறேன் என்று காலையில் பானட்டைத் திறந்து, மோட்டார் பைப்பைப் பிடித்து, இன்ஜினின் இண்டு இடுக்கெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். நீ கழுவும்போது முதலில் ஒரு பாலித்தீன் பையை எடுத்து உள்ளே எதையோ மூடிக் கட்டுவாய். பதினெட்டு வருஷம் பார்த்திருக்கிறேன், எதற்கு என்று ஒரு நாள் கேட்டதில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

கழுவி முடித்து சந்தனம் பூசினேன். உன் கருவிப் பையைச் சாமி முன்னால் பிரித்து ஒவ்வொரு ஸ்பேனருக்கும் குங்குமம் வைத்தேன். உன் படத்துக்குச் சேலை, பழம், பொரிகடலை. நன்றாகச் செய்துவிட்டதாக நினைத்தேன்.

மூன்று மணிக்குச் செல்வி கூப்பிட்டாள். "அப்பா, தண்ணி ஒடஞ்சிருச்சு. ரத்தமும் வருதுப்பா." எட்டாம் மாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, லேசாக வலித்தாலும் ஓடி வாருங்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். நம் கோட்டையூர் ஸ்டாண்டில் ஆட்டோக்கள் மாலை போட்டு வரிசையாக நிற்கின்றன, ஓட்டுகிறவர்கள் எல்லாம் வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். காத்திருக்க எனக்குத் தைரியமில்லை. உனக்குக் காய்ச்சல் கொதித்த அன்று "காலையில பாத்துக்கலாம்" என்று சொன்னவன் நான். காலையில் உனக்குப் பேச்சு இல்லை.

செல்வியைக் காரின் பின் சீட்டில் படுக்க வைத்துச் சாவியைத் திருகினேன். கிர்ர் கிர்ர் என்று சுற்றியது, ஸ்டார்ட் ஆகவில்லை. திருகினேன், திருகினேன், அழுகையே வந்துவிட்டது. அப்போது உன் அதட்டல் கேட்டது. டிரைவிங் ஸ்கூலில் பொம்பளைகளுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாய், என்னிடம் மட்டும்தான் அதட்டல். "பயந்துபோயி சாவியவே திருகிக்கிட்டு இருக்காதீக, பேட்டரியும் போயிரும். செல்ஃப் எடுக்குதான்னு பாருங்க. எடுக்கலன்னா பேட்டரி. எடுத்தும் ஸ்டார்ட் ஆகலன்னா பெட்ரோல் வரலை, இல்ல பிளக்குல கரண்டு வரலை. மோந்து பாருங்க, தெரியும்."

மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. அப்படியானால் பிளக்தான். முதல் பிளக் ஒயரைப் பிடுங்கினால், அடியில் பிளக் இருக்கிற குழி நிறையத் தண்ணீர். நீ பாலித்தீன் பையால் எதை மூடுவாய் என்று அப்போதுதான் புரிந்தது.

கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் சாமி முன்னால் இருக்கிறது. பூசையில் வைத்த கருவியை மறுநாள் பூசை பிரிக்காமல் தொடக்கூடாது, உன் சட்டம். ஒரு வருஷம் ஃபேன் ஆடுகிறது, ஸ்க்ரூ டிரைவர் கொடு என்றதற்கு, "விசிறியால வீசிக்கிருங்க, நாளைக்குத் தாரேன்" என்றவள் நீ. இன்றைக்கு நான் விளக்கைத் தாண்டிப் போய் குங்குமத்தோடு எடுத்தேன். தண்ணீரை ஒற்ற நல்ல துணி வேண்டும், கைக்கு அகப்பட்டது உன் சேலை. அதையும் எடுத்தேன். முனையைத் திரி மாதிரி முறுக்கிக் குழிக்குள் விட்டு ஒற்றினேன். பிளக்கைக் கழற்றினால் அதில் பெட்ரோல் சொட்டுகிறது. அதையும் உன் சேலையிலேயே துடைத்தேன். உள்ளே செல்வி வலியில் கத்துகிறாள். பிளக்கைத் திரும்ப மாட்டினால் மரை சேரவே இல்லை, மறுபடி மறுபடி திருகினேன்.

மூன்றில் இரண்டு பிளக்குகளைத்தான் துடைக்க முடிந்தது. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஆனால் என்ன ஆட்டம்! நீ இருந்தால் டீ கிளாஸை பானட் மேல் வைத்திருப்பாய். நிற்கிற வண்டியில் டீ ஆடக்கூடாது, ஆடினால் மிஸ்ஸிங், ஏதோ ஒரு பிளக் வேலை செய்யவில்லை என்பாய். இன்றைக்கு வைத்திருந்தால் கிளாஸே தெறித்துப் போயிருக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் சாகப் பார்க்கிறது. முன்பு ஒரு தடவை குன்றக்குடி ரோட்டில் இப்படி ஆனபோது நீ சொன்னாய்: "கை பிரேக்கப் போட்டுட்டு ரேஸ் குடுத்துக்கிட்டே இருங்க. சீராகுற வரைக்கும் காலை எடுத்துறாதீக."

கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டை அடைத்து ஒரு லாரிக்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. "அண்ணே, ரெண்டே நிமிசம், பூசணிக்காய ஒடச்சுட்டு வழி விடுறோம்" என்றான் ஒருவன். கை பிரேக்கைப் போட்டு, வலது காலை அழுத்தியபடி ஜன்னல் வழியே கத்தினேன். "பிள்ளத்தாச்சி இருக்குய்யா! வண்டி நின்டா திரும்ப எடுக்காதுய்யா!" அவன் பின் சீட்டை எட்டிப் பார்த்தான். சீட்டெல்லாம் ரத்தம். "ஏய், லாரிய அங்குட்டு எடுங்கடா!" என்று அலறினான்.

அந்த நேரம் செல்வி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, வண்டி நின்டுருமா?" என்று கேட்டாள். "நிக்காது ஆத்தா" என்றேன். எனக்குத் தெரியாது. உன்னை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். ஆனால் அரை மணி நேரம் போய்விட்டது. ஆம்புலன்ஸுக்கே காத்திருந்திருக்கலாமோ என்று திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அந்த பைப்பைத் தொடாமல் இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் வந்திருப்போம். உன்னையும் தாமதப்படுத்தினேன், உன் மகளையும் தாமதப்படுத்தினேன்.

இப்போது நர்ஸ் வந்து போனார். பொம்பளைப் பிள்ளையாம். "பிள்ள இன்னும் அழுகல, மூச்சு விட்டு விட்டு வருது. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கு. தாய்க்கு ரத்தம் ஏத்திக்கிட்டு இருக்கோம். ரெண்டு பேருக்கும் இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்கய்யா."

ஸ்பேனர் என் சட்டைப் பையில் இருக்கிறது, குங்குமம் இன்னும் போகவில்லை. சேலை மடியில். வண்டியை எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. ஆனால் இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து என் வலது பாதம் தரையை அழுத்திக்கொண்டே இருக்கிறது. முழங்கால் வரை மரத்துவிட்டது. நர்ஸ் கூட, "காலை நீட்டி உக்காருங்கய்யா" என்றார். முடியாது என்று தலையாட்டினேன். உள்ளே இரண்டு மூச்சும் இன்னும் சீராகவில்லை. நான் காலை எடுக்க மாட்டேன்.