அடைத்த குழாயும் நேர்காணலும்

அன்புள்ள நர்ஸம்மாவுக்கு,

நானும் மகளும் நலம். எங்கள் செருப்புகள்தான் மழையில் ஊறி நலமில்லாமல் கிடக்கின்றன. நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா? நோயாளிகளுக்குச் சொல்லும் புத்தியை நீயும் கொஞ்சம் கேள்.

இரண்டு நாளில் மூன்று கல்லூரி பார்த்தோம். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கூரை ஒழுகலை அடைத்துப் பிழைக்கிறவன் கண் எங்கே போகும்? முதல் கல்லூரியில் எல்லாரும் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து ரசித்தார்கள். நான் அதன் மூலையில் கசிந்த ஈரத்தைப் பார்த்தேன். உன் மகள், "படிக்கத்தான் வந்திருக்கோம்ப்பா, ரிப்பேருக்கு இல்ல" என்று இழுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது கல்லூரி ஊருக்கு வெளியே, சேற்றுக்கு நடுவே இருந்தது. மூன்றாவதுதான் அவள் மனதில் ஒட்டிக்கொண்டது. ஆய்வகத்தில் பிள்ளைகள் மழைத்தண்ணீரைக் குடுவையில் பிடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நூலகம் நிறைய ஆட்கள், ஆனால் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. எட்டாவது தாண்டாத நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

நேர்காணலும் அங்கேதான். அவளுக்கு வாய் திக்கும், நீங்களே கூட இருந்து பேசுங்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்படித்தான் நினைத்திருந்தேன். திட்டுவதானால் இப்போதே திட்டிவிடு. வாசல் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டி, படியெல்லாம் குளமாக நின்றது. ஒரு அம்மா வழுக்கி விழப் பார்த்தார். மழைநீர்க் குழாயில் இலை அடைப்பு, இரண்டு நிமிட வேலை என்று காவலாளியிடம் ஏணி வாங்கி ஏறினேன். இரண்டு நிமிடம் இருபது நிமிடமானது. சேறும் சகதியுமாக இறங்கி ஓடினால், அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கதவு ஒருக்களித்திருந்தது. எதிரே நாலு பேராசிரியர்கள். இவள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றாள். அந்தச் சொல் என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது, கதவைத் தள்ளக் கையும் வைத்துவிட்டேன். அவள் மூச்சை இழுத்துவிட்டு, அதே சொல்லை மறுபடி பிடித்தாள். சுலபமான வேறு சொல்லுக்குத் தாவவில்லை. அவர்களும் பொறுமையாக இருந்தார்கள். சொல்லி முடித்தாள், அதற்கு மேலும் பேசினாள். ஒரு பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்து, "நீங்க உள்ள இருந்திருந்தா நான் பேசியிருக்கவே மாட்டேன்ப்பா" என்றாள். கோபமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. இத்தனை வருஷம் உதவி என்று நினைத்து நாம்தான் அவள் பேச்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தோமோ என்னவோ.

இடம் கிடைத்ததா என்று எழுத மாட்டேன். அம்மாவிடம் நானே சொல்வேன் என்று அவள் கட்டளை. நாளை பெரிய பெட்டி ஒன்று வாங்கக் கடைக்குப் போகிறோம், அதற்கு மேல் கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அவள்தான் எடுப்பாள். பேச்சு எங்கேயாவது நின்றால் நிற்கட்டும். எவ்வளவு நேரமானாலும் காத்திரு. ஒரு சொல்கூட எடுத்துக் கொடுத்துவிடாதே, தாயே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்