மூலையில் ஒரு கண்ணி தப்பு

ஃபூக்லோய் தீவு
6 ஜனவரி 1974

என் செல்ல மகள் ரன்வாவுக்கு,

அப்பா நலம். முதுகு மட்டும் நலமில்லை. அது என் பேச்சை எந்தக் காலத்தில் கேட்டது?

உன் அம்மா பிறக்கப்போகும் உன் பிள்ளைக்காக நாற்பது வரி பின்னி, ஊசியோடு விட்டுப்போன போர்வையைக் கையில் எடுத்திருக்கிறேன். ஆயுசு முழுக்க வலை பின்னியவனுக்கு இது தெரியாதா என்ற திமிர்தான். பக்கத்து வீட்டு எல்சா பார்த்துவிட்டு, "ஏன்யா ஹனுஸ், இது கொழந்தையப் போத்தவா, புடிக்கவா?" என்றாள்.

நேற்று பின்னிய ஆறு வரியும் காலையில் பிரிந்து கிடந்தது. பூனை வேலைதான். ஆனால் பிரித்த நூலை இவ்வளவு அழகாகப் பந்து சுற்றி வைக்கும் பூனையை இப்போதுதான் பார்க்கிறேன்.

உன் அப்பா

ஆர்ஹூஸ்
15 ஜனவரி

அன்புள்ள அப்பா,

பந்தின் நுனி வெளியே தொங்கியதா, உள்ளே செருகியிருந்ததா? அம்மாதான் உள்ளே செருகுவாள். எல்சா அக்கா விளையாடுகிறாளோ என்னவோ, கேளுங்கள்.

அம்மா கண்மூடியதிலிருந்து இங்கே வாருங்கள் என்று கூப்பிடுகிறேன். நீங்கள் அசைவதில்லை. போர்வையையாவது முடித்து அனுப்புங்கள். அம்மா கைபட்டது ஒன்று என் பிள்ளைமேல் கிடக்க வேண்டும்.

ரன்வா

ஃபூக்லோய்
10 பிப்ரவரி

செல்ல மகளே,

அலை அதிகம். தபால் படகு பன்னிரண்டு நாள் கரையைத் தொடவில்லை.

நுனி உள்ளேதான் இருந்தது.

எல்சாவைக் கேட்டேன். "என் பின்னலே பாதியில கெடக்கு. உன்னுதப் பிரிக்கத்தான் வர்றேனாக்கும்!" என்று விரட்டினாள். போர்வையைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். காலையில் திறந்தால் அதே நாற்பது வரி. பக்கத்தில் பந்து. எடுத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.

அப்புறம்தான் மண்டையில் ஏறியது. உன் அம்மாவின் கண்ணி இறுக்கம், என்னுடையது தளர்ச்சி. இறுக்கிப் பின்னினேன். நாற்பத்தோராம் வரியைப் பிரிக்காமல் விட்டாள். கல்யாணமான முப்பத்தொரு வருடத்தில் என் வேலையில் அவள் குறை காணாதது அன்றுதான்.

இப்போது தொண்ணூறு வரி. திட்டாதே, நடுவில் பத்து நாள் வேண்டுமென்றே தப்பாகப் பின்னினேன். ஒழுங்காகப் பின்னினால் காலையில் வீடு வெறும் வீடாக இருக்கிறது.

அப்பா

ஆர்ஹூஸ்
20 பிப்ரவரி

அப்பா,

நேற்று பெண் பிறந்தாள். அம்மாவின் நெற்றி.

முதலில் உங்கள் கடிதத்தைப் படித்துப் பயந்தேன். பிறகு அழுதேன். அம்மாவை அங்கேயே பிடித்து வைக்காதீர்கள் அப்பா. முடித்துவிடுங்கள்.

ரன்வா

ஃபூக்லோய்
9 மார்ச்

செல்லமே,

முடித்துவிட்டேன். மூன்று காலை காத்திருந்து பார்த்தேன். ஒன்றும் பிரியவில்லை. பார்சலை இன்று படகில் ஏற்றினேன்.

கடைசி மூலையில் ஒரு கண்ணி தப்பு. இன்று காலை, பார்சல் கட்டும் முன், தெரிந்தேதான் போட்டேன், நீ திருத்தாதே. பேத்தியைப் பார்க்க உன் அம்மாவுக்கு ஒரு சாக்கு வேண்டாமா?

இங்கே ஒரு குறையும் இல்லை. பூனைதான் அவள் நாற்காலியில் இப்போது தாராளமாக ஏறிப் படுக்கிறது.

அப்பா

ஆர்ஹூஸ்
22 மார்ச்

அன்புள்ள அப்பா,

போர்வை முந்தாநாள் வந்தது. மூலைத் தப்பை என் வீட்டுக்காரர் நீல்ஸிடம் காட்டிச் சிரித்தேன். "உங்கப்பா கைநாட்டு போலிருக்கு," என்றார்.

இன்று காலை அந்தத் தப்பு இல்லை. நான் தொடவில்லை. நீல்ஸுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. தொட்டிலில், பாப்பாவின் கைக்குப் பக்கத்தில், கோலிக்குண்டு அளவில் ஒரு நூல்பந்து கிடந்தது. நுனி உள்ளே. வெதுவெதுப்பாக இருந்தது.

கிளம்பி வாருங்கள் அப்பா. அந்த வீட்டில் இனி யாரும் இல்லை.

ரன்வா