ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பதினொன்று

கணித மேதை அவர்களின் சமூகத்துக்கு, துணி தைக்கும் உங்கள் மனைவி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம். நீங்கள் கணக்கு வாத்தியாராக இருக்கும் அந்த விடுதிப் பள்ளியில் உங்கள் சுகத்துக்கு என்ன குறை? எதிர்த்துக் கேட்க ஆளில்லை.

இந்தத் தாளைப் பார்த்து வயிறு எரிய வேண்டாம். நீங்கள் கட்டுக்கட்டாக அச்சடித்து வைத்துவிட்டுப் போனதுதான். மேலே உங்கள் பெயர், அதைவிடப் பெரிதாக 5,10,511, அடியில் ‘எதனாலும் வகுபடாத பகா எண்’. பின்பக்கத்தில் சட்டை அளவு குறித்துக்கொண்டிருந்தேன். இன்று கடிதத்துக்கு ஆயிற்று.

போன விடுமுறையில் சாப்பாட்டு மேசையில் நீங்கள் செய்த பிரசங்கம் எனக்கு மனப்பாடம். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று, பதினேழு எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினீர்கள். இவற்றில் எதால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும், ஆகவே உலகத்தில் எதனாலும் வகுபடாது என்றீர்கள். அதுக்கு மேல இருக்கிற எண்ணையும் பார்க்கணுமேப்பா, பத்தொன்பதால போகுதே என்று நம் மகள் தாளை நீட்டினாள். நீங்கள் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. உங்கம்மா மூளைதானே உனக்கு, அளவு நாடாவுல இருக்கிற நம்பருக்கு மேல ஏறாது என்று உங்கள் தம்பி முன்னால் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார்.

நேற்று வெட்டுமேசையில் சாக்கட்டியால் நானே வகுத்துப் பார்த்தேன். இருபத்தாறாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது தடவை போகிறது, மிச்சம் இல்லை. திருப்பிப் பெருக்கினால் அதே உங்கள் எண். ஏழு பேரைக் கேட்டுவிட்டு ஊரையே கேட்டுவிட்டதாக நினைக்கும் புத்தி உங்களுக்குத்தான் வரும். பதினேழுக்கு அடுத்த பகா எண்ணே பத்தொன்பதுதான். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் போதும். அதற்கும் கௌரவம் தடுத்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப்போகிறீர்களாம். தாராளமாகப் பேசுங்கள். உங்கள் மானம் கப்பலேறினால் எனக்கு ஒரு தையலும் பிரியாது.

என் கவலை நம் மகள்தான். அன்றிலிருந்து கணக்குப் புத்தகத்தைத் தொடவில்லை. திங்கட்கிழமை பரீட்சை. போகமாட்டேன் என்கிறாள். நானே சரிபார்த்துவிட்டேன், நீ சொன்னதுதான் சரி என்று எவ்வளவோ சொல்லிவிட்டேன். நீ சொன்னா ஆச்சாம்மா, அப்பா தப்புன்னுட்டாரே என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் சொல்வதெல்லாம் கணக்கில் சேராது என்பதையும் உங்களிடம்தான் கற்றிருக்கிறாள்.

ஆகவே கெஞ்சுகிறேன். உங்களிடம் கெஞ்சுவது எவ்வளவு கசக்கிறது என்று எழுதி முடியாது. எனக்குப் பதில் வேண்டாம். அவள் பெயருக்கு ஓர் அட்டை போடுங்கள். பத்தொன்பதால் போகிறது, நீதான் சரி என்று ஒரே வரி, உங்கள் கையெழுத்தில். சனிக்கிழமைக்குள் வரட்டும். வந்தால், மிச்சமுள்ள தாள்களை யார் கண்ணிலும் படாமல் நானே எரித்துவிடுகிறேன்.

நீங்கள் நன்றாக இருங்கள். அவளையும் நன்றாக இருக்க விடுங்கள்.

இப்படிக்கு,
நாடாவில் உள்ள எண்கள் மட்டும் தெரிந்த
உங்கள் மனைவி