எதைப் பார்த்தாலும் அடைப்பு

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நீயும் குழந்தையும் சுகமா? உன் முதுகுவலி தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வெட்கம்தான் பிடுங்கித் தின்கிறது. அதனால்தான் போன் செய்யாமல் எழுதுகிறேன்.

பாப்பா நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை என்று நீ போனில் சொன்னதும், "கண்டதையும் தின்னுட்டுப் பால் குடுத்தா இப்படித்தான்" என்று கத்தினேன். வெளிக்குப் போக ஆசனவாயில் சோப்புத் துண்டு வைக்கச் சொன்னேன். நீ அழுதுகொண்டே போனை வைத்தாய். குழாய் அடைப்பு எடுக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் அடைப்புதான்.

நேற்று ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியைச் சரிசெய்தேன். அந்த வீட்டம்மா குழந்தைகள் ஆஸ்பத்திரி நர்ஸ். வாய் சும்மா இருக்காமல் பாப்பா விஷயத்தையும் சோப்பு யோசனையையும் அவரிடம் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

"எத்தனை மாசம்?" என்றார்.

"மூணுங்க. தாய்ப்பால் மட்டும்தான்."

"அப்ப நாலு நாள் போகாம இருக்கிறது சகஜம். போறப்ப இளக்கமா போனா மலச்சிக்கலே இல்ல. சோப்பெல்லாம் வைக்கவே கூடாது. வயிறு மெத்துன்னு இருக்கா? மூத்திரம் நல்லா போறாளா? பால் குடிச்சதும் சிரிக்கிறாளா?"

அத்தனை கத்தினவன் இதில் ஒன்றையாவது உன்னிடம் கேட்டேனா? சாக்கடைக் கையோடு தலைகுனிந்து நின்றேன்.

வயிறு கல்லாக இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னார்.

பாப்பா எப்படிச் சிரிக்கிறாள் என்று எழுது. அவளுடைய பழைய சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. கை துடைக்கக் கேட்கவில்லை.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார். உனக்குப் பிடித்ததை வயிறாரச் சாப்பிடு.

உன்னிடம் கத்தியவன்