பத்தாம் நம்பர் ஒயில்

இஞ்சாருங்கோ,

இன்று காரைக் குளிருக்கு ஆயத்தப்படுத்தக் கொண்டுபோயிருந்தேன். ஓம், கார்தான். நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்க வேண்டாம். ஸ்காபரோவில் எங்கள் ஆள் ஒருவர் கராஜ் வைத்திருக்கிறார். காரை உயர்த்தி, அடியில் தட்டை வைத்து, பழைய ஒயிலைத் திறந்துவிட்டார். சூடாறாத அந்தக் கறுத்த ஒயிலின் வாசம் எழுந்ததும் நான் கதவுப் பக்கம் போய் நின்றுவிட்டேன். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் உங்கள் சேர்ட்டை விட்டுப் போகாத வாசம் அது. கலியாணமான புதிதில் மூக்கைச் சுளித்தேன். பிறகு பழகிவிட்டது. இப்போது அதற்குப் பயப்படுகிறேன்.

"அக்கா, புது ஒயில் பத்து விடட்டோ, அஞ்சு விடட்டோ?" என்று கராஜ்காரர் கேட்டார்.

"சனவரியிலை விடிய ஆறு மணிக்கு ஸ்டார்ட் பண்ணுற கார். அஞ்சை விடுங்கோ."

அவர் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். "அக்காவுக்கு ஒயில் எல்லாம் விளங்குமோ?"

"இப்ப விளங்கும்" என்றேன்.

அந்த 'இப்ப'வை அவர் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

எண்பத்து மூன்றில் அக்கா கூப்பிட்டபடியால் நானும் பிள்ளைகள் இரண்டும் கனடாவுக்கு வெளிக்கிட்டோம். நீங்கள் வரவில்லை. "விதைச்சாச்சு. அரிவு வெட்டு முடிய வாறன்" என்றீர்கள். வெட்டு முடிந்தது. அடுத்த விதைப்பு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கிளிநொச்சியில் உங்களுக்கு ஒரு சிவப்பு ட்ரக்டர், இங்கே எனக்கு ஒரு பக்டரி வேலை. அந்த ட்ரக்டரை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். காலையில் அதன் முன்னால் கையை வைத்துக்கொண்டு, தலையைச் சரித்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்பீர்கள். நான் பேசும்போது ஒருநாளும் நீங்கள் அப்படித் தலையைச் சரித்ததில்லை.

எண்பத்தாறு மாசி மாதம் உங்கள் நீலக் கடுதாசி வந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த கடுதாசி. வேலையால் வந்த உடுப்போடு, குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் பிரித்தேன். முழுக்க ஒயில்!

"ட்ரக்டரின்ரை புத்தகம் வீடு எரியேக்கை சேர்ந்து எரிஞ்சு போச்சு. வழமையா விடுற ஒயில் இப்ப கடையளிலை இல்லை. ஒருத்தன் முப்பது எண்டுறான், ஒருத்தன் நாப்பது எண்டுறான். டின்னிலை எழுத்தும் போட்டிருக்கு. காருக்கு விடுற எழுத்து வேறை, டீசலுக்கு வேறையாம். மாறி விட்டால் எஞ்சின் போயிடும். அங்கை கொம்பனிக்காரர் இருப்பினம். சரியான நம்பரும் எழுத்தும் என்னெண்டு விசாரிச்சு எழுதும்."

கடைசியில், ஓரத்தில் நெருக்கி: "பிள்ளையளைக் கவனமாப் பாரும்." அவ்வளவுதான். சின்னவளுக்குக் காதில் ஒப்பரேஷன் என்று எழுதியிருந்தேனே, அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் கடுதாசியை ஃபிரிட்ஜுக்கு மேலே எறிந்தேன். இரண்டு கிழமை அது அங்கேயே கிடந்தது.

பிறகு மனம் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் எடுத்து யூனியன்வில் போனேன். அதற்கப்பால் வயல்கள்தான். பஸ் நின்ற இடத்திலிருந்து ஸ்னோவுக்குள் நடந்தேன். ட்ரக்டர் விற்கிற கடை ஒன்று அங்கே இருப்பதாகப் பக்டரியில் சொல்லியிருந்தார்கள். கடையில் ஒரு வெள்ளைக்கார வயோதிபர். பாவம், நல்ல மனிதர். ட்ரக்டர் எந்த வகை, எத்தனை வருடப் பழசு என்று கேட்டார். நீங்கள் எழுதியிருந்ததைக் காட்டிச் சொன்னேன். பிறகு, பண்ணை கிட்டத்தில்தானோ என்று கேட்டார்.

நான் ஓம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இந்த ஊரில் வாயைத் திறந்தால் எந்த நாடு என்று கேட்பார்கள். நாட்டைச் சொன்னால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, ஐயோ, அங்கே பிரச்சினை அல்லவா என்பார்கள். அந்த இரக்கத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அன்றைக்கு ஒரு பத்து நிமிடம், கமத்தில் நிற்கிற புருசனுக்காக ஒயில் விசாரிக்க வந்த பக்கத்து ஊர்ப் பெண்சாதியாக நிற்க ஆசைப்பட்டேன். புருசன் வேலையாக நிற்கிறார், அவர் வர இயலாமல் என்னை அனுப்பினார் என்று வேறு சொன்னேன். சொல்லும்போது எவ்வளவு சந்தோசமாக இருந்தது தெரியுமா?

அவர் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடிப் போட்டோக் கொப்பி எடுத்து, ஒரு வரியைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் தந்தார். நம்பர் பத்து, எழுத்து சி.டி. மடித்து ஒட்டுகிற அந்த நீலக் கடுதாசிக்குள் வேறு தாள் வைத்து அனுப்பக்கூடாது என்று உங்களுக்கும் தெரியும். அதனால் வட்டம் போட்ட வரியை மட்டும் பார்த்து எழுதினேன். மற்ற வரிகளையும் எழுத இடம் இல்லாமல் இல்லை. மிச்ச இடத்தை என் கோபத்துக்கு வைத்துக்கொண்டேன். "இனி உந்த ட்ரக்டரையே கட்டிக்கொண்டு கிடவுங்கோ" என்றெல்லாம் எழுதி, ஓரம்வரை நிரப்பி ஒட்டினேன்.

வைகாசியில் உங்கள் பதில் வந்தது. "நீர் எழுதின பத்துத்தான் விட்டிருக்கு. வவுனியாவிலை ஆள்விட்டு எடுப்பிச்சனான். எஞ்சின் சொன்ன சொல்லுக் கேக்குது. உம்மை நினைச்சுக்கொண்டுதான் விட்டனான்."

உம்மை நினைச்சுக்கொண்டு! பன்னிரண்டு வருடக் கலியாணத்தில் நீங்கள் வாயாலும் சொல்லாத, கையாலும் எழுதாத சொல். அந்தக் கடுதாசியை மடித்துச் சாப்பாட்டுப் பையில் வைத்து ஒவ்வொரு நாளும் பக்டரிக்குக் கொண்டுபோனேன். இடைவேளையில் எடுத்துப் பார்ப்பேன். பக்கத்தில் இருந்தவள் என்ன அது என்று கேட்டதற்கு, ஒயில் மாற்றின கதை என்றேன்.

ஆவணியில் பக்கத்து வீட்டு மாஸ்டர் எழுதினார். உங்களுக்கு மத்தியானம் நெஞ்சு நொந்ததாம். வேறு வாகனம் இல்லையாம். உங்கள் தம்பி உங்களை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினானாம். பாதி வழியில் ட்ரக்டர் நின்றுவிட்டதாம். மாட்டு வண்டில் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது எல்லாம் முடிந்துவிட்டதாம். ட்ரக்டர் ஏன் நின்றது என்று மாஸ்டர் எழுதவில்லை. அவருக்கு அது ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

முதல் குளிர் விழுந்த கிழமை, பிள்ளைகளின் கையுறைகளைத் தேடி அலுமாரி லாச்சியை இழுத்தேன். அடியில் அந்தப் போட்டோக் கொப்பி கிடந்தது. அப்போதுதான் இடது பக்கத்தைப் பார்த்தேன். மூன்று வரிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எவ்வளவு குளிர், எவ்வளவு வெக்கை என்று போட்டிருந்தது. பத்து, உறைகிற குளிருக்கு. கிழவர் எனக்கு மாசி மாதத்து யூனியன்வில்லுக்கு வட்டம் போட்டுத் தந்திருக்கிறார். பண்ணை கிட்டத்தில் என்று நான்தானே சொன்னேன்! கிளிநொச்சி வெயிலில் பத்தாம் நம்பர் ஒயில் தண்ணீராகிவிடும். தேய்ந்த எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் முட்டும். பிறகு இறுகி நிற்கும். இதெல்லாம் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்திருக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். இங்கே பஸ்ஸும் டீசலில்தான் ஓடுகிறது. சிவப்பு விளக்கில் நின்று அது குமுறும்போது நீங்கள் பின்சீட்டில் படுத்திருக்கிறீர்கள் என்று தோன்றும். திரும்பிப் பார்க்கமாட்டேன். கடைசித் தரிப்பில் ட்ரைவர் எஞ்சினை நிற்பாட்டுவார். அந்த அமைதி வருவதற்குள் இறங்கிவிடப் பார்ப்பேன். ஒருநாள் அப்படியே இருந்துவிட்டேன். "லேடி, ஆர் யூ ஓகே?" என்று அந்த மனிதர் வந்து கேட்டார். அக்காவிடம் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அப்பாவை அம்மாதான் கொன்றவ என்று எந்தப் பிள்ளையிடம் சொல்வது?

போன வருடம் தம்பி வந்து சேர்ந்தான். உங்கள் அதே தோள், அதே நடை. கதவைத் திறந்தவுடன் ஒரு கணம் நீங்கள் என்றே நினைத்தேன். ஒரு கிழமை அவனோடு தனியே அகப்படாமல் பார்த்துக்கொண்டேன். அகப்பட்டால் கேட்டுவிடுவேன் என்று பயம். எட்டாம் நாள் பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"தம்பி, அண்டைக்கு ட்ரக்டர் ஏன் நிண்டது?"

"டீசலுக்குள்ளை தண்ணி அண்ணி. அந்த நாளையிலை நல்ல டீசல் எங்கை கிடைச்சது?"

"ஒயிலாலை இல்லையோ? நான் எழுதின பத்தாலை?"

அவன் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தான். சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

"அண்ணை உங்கடை கடுதாசியை வாசிச்சிட்டுச் சிரிச்சவர். 'உவ கனடாக் குளிருக்கு எழுதியிருக்கிறா' எண்டு. ஆரிட்டையோ நாப்பது வாங்கி, அதைத்தான் விட்டவர்."

"அப்ப ஏன் எனக்குப் பத்து விட்டனான் எண்டு எழுதினவர்?"

"உங்கடை மனம் நோகக்கூடாது எண்டு எழுதியிருப்பார். அண்ணி, உதை இனிக் கதையாதேங்கோ."

கண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். உங்கள் வீட்டு ஆண்களுக்கு முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது. உண்மை சொல்லும்போதும் முகத்தைப் பார்ப்பதில்லையே, நான் என்ன செய்ய?

உங்களில் ஒருவர் எனக்குப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். யார் சொல்லியிருந்தாலும் என்மேல் இரக்கப்பட்டுத்தான். தம்பி சொன்னது உண்மை என்றால் நான் உங்களைக் கொல்லவில்லை. ஆனால் என்னை நினைத்துக்கொண்டு ஒயில் விட்டதாக நீங்கள் எழுதிய வரி பொய். அந்த வரி உண்மை என்றால், நீங்கள் என்னை நினைத்துக்கொண்டு விட்டது எதை என்று எனக்குத் தெரியும். சில நாள் ஒன்றைக் கேட்டுக் கும்பிடுகிறேன், சில நாள் மற்றதை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வரி உண்மையாக இருக்கட்டும் என்று கேட்கிற நாள்கள்தான் கூட.

கராஜ்காரர் வேலை முடித்துக் காரை இறக்கி, சாவியைத் தந்தார். "ஒருக்கா எஞ்சினைக் கேட்டுப் பாருங்கோ அக்கா" என்றார். நான் முன்னால் போய் கையை வைத்தேன். தலை தன்பாட்டில் சரிந்தது. சத்தம் சீராக இருந்தது.

இதையும் நீலக் கடுதாசியில்தான் எழுதுகிறேன். அந்த வருடம் வாங்கியதில் மீந்தது. எழுத்தை நுணுக்கி நுணுக்கி எழுதியும் ஓரத்துக்கு வந்துவிட்டேன். இந்த முறை கோபத்துக்கு இடம் வைக்கவில்லை. இதற்குத்தான் வைத்திருக்கிறேன்:

உறைகிற குளிர் என்றால் பத்து. மிதமான நாள் என்றால் இருபது. வெயில் என்றால் முப்பது. எழுத்து எல்லாவற்றுக்கும் சி.டி.

நீங்கள் இருக்கிற இடம் வெயிலோ குளிரோ, எனக்குத் தெரியாது. மூன்றையும் எழுதியிருக்கிறேன்.