இறால் தொட்டியில் ஒரு இட்லி

நேற்று, கண்ணாடித் தொட்டியில் வளரும் இறால்களுக்கு மாமனார் பேயாண்டி ஒரு முழு இட்லியைப் பிட்டுப் போட, தண்ணீர் கலங்கிவிட்டது. ரோகிணி கத்திவிட்டாள். அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார். காலையில் கப்பலூர் வேலைக்குக் கிளம்பும்போது தொட்டியில் ஒரு சீட்டை ஒட்டினாள்:

"மாமா, பசிக்குமேன்னுதான் போட்டீங்க, தெரியும். ஆனா அதுகளுக்குக் கடுகு அம்புட்டுதான் வயிறு. பாதித் தண்ணி மாத்திட்டேன். இன்னைக்கு அவிச்ச கீரை ஒரே இலை, நாளைக்குச் சுரைக்காய்த் துண்டு. மாத்தி மாத்திக் குடுத்தாத்தான் தெம்பா இருக்கும். மிச்சத்தைச் சாயங்காலம் எடுத்துருங்க. இனிமே இது உங்க பொறுப்பு. போயிட்டு வாரேன்."

அடியில் இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"அடுப்புல கீரைக்கூட்டு இருக்கு. நீங்க சாப்பிட்ட பெறகுதான் அதுகளுக்குப் போடணும். அதுவரைக்கும் அதுகளும் பட்டினிதான்."