ஏரிக்கரையில் இரண்டு காப்பி

ஜனவரி 6

அருமை நாத்தனாருக்கு,

முதலில் கடைக் கதவைச் சாத்திவிட்டுப் படி. வீட்டுப் போனில் பேசினால் உன் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை, ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். அதனால்தான் உன் தையல் கடை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

நாம் வாயாலேயே போய்வந்துகொண்டிருந்தோமே, அந்த வெளிநாட்டு ஏரி, பனிமலை, மலையேறும் ரயில், எல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தாச்சு! சுற்றுலாக் கம்பெனியில் விசாரித்தேன். தலைக்கு ஒன்றரை லட்சமாம். அதற்கு விடியற்காலையில் எழுப்பி, கொடி பிடிக்கிறவர் பின்னால் ஓடவிட்டு, ஏரியை எட்டிப் பார்க்க வைத்துத் திரும்பக் கூட்டி வருவார்களாம். விடுதியில் நானூறு பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு ஸ்டோர் பார்க்கிறவள் நான். யார் எதில் லாபம் வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விமானம், அறை, ரயில், சாப்பாடு, விசா எல்லாம் சேர்த்துத் தலைக்குத் தொண்ணூறாயிரம். ஏப்ரலில் கூட்டமும் குறைவு, விலையும் குறைவு. உன் அண்ணன் போனபின் நான் எங்கேயும் போகவில்லை. போனால் உன்னோடுதான். வருகிறாயா?

தலைகால் புரியாமல்,
உன் அண்ணி

ஜனவரி 13

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை யோசித்துக்கொண்டே தைத்ததில் ஒருவர் சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துவிட்டேன். பிரிக்கும்போதும் சிரிப்பு அடங்கவில்லை.

வருகிறேன், வருகிறேன், வருகிறேன்! தையல் காசில் எண்பதாயிரம் சேர்த்திருக்கிறேன். மீதிக்குப் பள்ளிச் சீருடை சீசன் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மகள் பிரசவத்துக்கென்று எடுத்த பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூடப் பார்க்காமல் பீரோவில் கிடக்கிறது. அப்போதும் இவர்தானே, "சம்பந்தியம்மாவே பாத்துப்பாங்க, நீ எதுக்கு?" என்று முடித்துவிட்டார்!

கெட்டவர் இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆனால் ஹோட்டலுக்குப் போய் நான் கை கழுவிவிட்டு வருவதற்குள், என் பசிக்கும் அவரே ஆர்டர் சொல்லியிருப்பார். இன்னும் அவரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை.

பணம் வைத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் ஜிப் வைத்த இடுப்புப் பை தைத்தாச்சு. உங்கள் பழைய அளவுதான். இளைத்திருந்தால் எழுதுங்கள், பெருத்திருந்தால் மூச்சு விடாதீர்கள்.

இப்படிக்கு,
பறக்கத் தயாராக இருக்கும் நாத்தனார்

ஜனவரி 20

நாத்தனாரே,

அளவைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. புரிந்துகொள்.

கணக்கைக் கேள். விமானத்துக்கு ஆளுக்கு முப்பத்தெட்டாயிரம், ஏழு கிலோ கைப்பை மட்டும். விடுதித் தராசில் என் பையை வைத்துப் பார்த்தேன், செருப்பை எடுத்ததும் சரியாக வந்தது. அறை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அதனால்தான் மலிவு. உன் மூட்டு வலியை ஏறும்போது திட்டிக்கொள்ளலாம். ஒரு மின்சாரக் கெட்டிலும் கடை ரொட்டியும் இருந்தால் காலையும் ராத்திரியும் ஓடிவிடும். எல்லா இடத்திலும் கத்தரி வைத்தேன். ஒன்றில் மட்டும் வைக்கவில்லை. தினமும் சாயங்காலம் ஏரிக்கரைக் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு காப்பி. விலை கொள்ளைதான். இருக்கட்டும்.

பிப்ரவரி பன்னிரண்டு வரைதான் இந்த டிக்கெட் விலை. எடுத்துவிட்டால் பணம் திரும்ப வராது. அதற்குள் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு.

கெட்டில் வாங்கிவிட்ட,
அண்ணி

ஜனவரி 29

அண்ணி,

சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று பயந்தேன். சந்தோஷப்பட்டுவிட்டார்! "நானும் வரேன்"கிறார். "ரெண்டு பொம்பளைங்க தனியா என்ன பண்ணுவீங்க? எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்று அன்று சாயங்காலமே சுற்றுலாக் கம்பெனிக்குப் போய், கொடி பிடிக்கிற அதே பயணத்துக்கு மூன்று பேருக்கு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார். அறைக்கு லிஃப்ட் உண்டாம். கூடுதல் பணத்தையும் அவரே போடுகிறாராம்.

எப்படி வேண்டாம் என்பேன்? ஆசையாகத்தானே வருகிறார். எனக்கு அழுகையாக வருகிறது. ஏதாவது எழுதுங்கள்.

நாத்தனார்

பிப்ரவரி 4

அன்பு நாத்தனாருக்கு,

மாப்பிள்ளை நல்லவர். அவர் பணத்தில் லிஃப்டில் போக எனக்கு விருப்பமில்லை. ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு வருத்தம்தான். ஆனால் உன் வீட்டில் பேச வேண்டியதை நான் பேச முடியாது.

பன்னிரண்டாம் தேதி நான் டிக்கெட் எடுக்கிறேன். ஒன்றா இரண்டா என்று மட்டும் எழுது. ஒன்று என்றால் கோபித்துக்கொள்ள மாட்டேன். பொய், கோபித்துக்கொள்வேன். கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

இரண்டு என்றால் இன்னொன்றும் வேண்டும். விமானத்தில் சாப்பாட்டுக்குத் தனிக் காசு, டிக்கெட் எடுக்கும்போதே சொல்ல வேண்டுமாம். உனக்கு என்ன வேண்டும்?

அண்ணி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

தபால் தாமதமாகிவிடுமோ என்று கூரியரில் போடுகிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு, கடிதம் வந்த அன்று முழுவதும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. அதை நினைத்து எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! நேராக வீட்டுக்குப் போனேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார்.

"என்னங்க, நீங்க வர வேண்டாம். நானும் அண்ணியும் மட்டும் போறோம்" என்றேன்.

முதலில் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. இந்த ஒரு தடவை எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அப்ப எனக்குச் சாப்பாடு?" என்றார். அண்ணி, அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். தெருமுனை மெஸ்ஸில் முன்பணம் கட்டிவிட்டேன். அந்தச் செலவு என் பங்கில் சேரட்டும்.

அன்று ராத்திரி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் பார்த்தால் பரணிலிருந்து சின்னப் பெட்டியை இறக்கி, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார். "இத நான் பாத்துக்கறேன்" என்றார். சரி, பாருங்க என்று விட்டுவிட்டேன்.

ஆகவே அண்ணி, டிக்கெட் இரண்டு. எனக்கு ஜன்னல் ஓரம். சாப்பாட்டில் என்னென்ன இருக்கிறதோ, அந்தப் பெயரை எல்லாம் எழுதி அனுப்பச் சொல்ல நேரமில்லை. உங்களுக்குச் சொல்வதையே எனக்கும் சொல்ல வேண்டாம், வேறு ஏதாவது ஒன்று சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் நமக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு திருத்தம். கல்யாணமான மறுநாள் இவர் "ரெண்டு காப்பி" என்று சொன்னார், அன்றிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் காப்பி பிடிக்காது. கடையில் இருக்கும்போது ஒளிந்து ஒளிந்து டீதான் குடிக்கிறேன். உங்கள் கணக்கில் ஏரிக்கரையில் இரண்டு காப்பி என்று இருக்கிறதே, அதை அடித்துவிட்டு ஒரு காப்பி, ஒரு டீ என்று எழுதுங்கள். விலை கூடினால் கூடட்டும்.

டீ எனக்கு.

உங்கள் நாத்தனார்